பெரியப்பா கேட்கும் முதல் கேள்வி

பெரியப்பாவின் பேட்டரிக் கடையில் எந்நேரமும் ஆசிட் நெடி அடிக்கும். அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் பொத்தல் இருக்கும். கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த சட்டையும் தப்பவில்லை. கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று யார் வந்து நின்றாலும், பானட்டைத் திறப்பதற்கு முன் ஒன்று கேட்பார்: "கடைசியா வண்டி எவ்வளவு தூரம் போச்சு?" விளக்கை அணைக்க மறந்தவரும், டிக்கியைச் சரியாகச் சாத்தாதவரும் இதென்ன கேள்வி என்று திருதிருவென முழிப்பார்கள். எனக்கு அந்த முழியைப் பார்க்க அவ்வளவு பிடிக்கும்.

பெரியம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எக்ஸ்சேஞ்ச் ஊரின் மறுகோடியில் இருந்தது. பெரியப்பாதான் தினமும் காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவார். நாள் முழுக்க ஊராரைப் பேச வைத்த அலுப்போ என்னவோ, பெரியம்மா வீட்டுக்குள் வாய் திறக்கமாட்டார். பெரியப்பா அதற்கும் மேல். ஆனால் காரில் ஏறிவிட்டால் எங்கிருந்துதான் வருமோ, பாதி வழி சண்டை, மீதி வழி சிரிப்பு. பின்சீட்டில் நான் இருப்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோகும். அந்தப் பின்சீட்டுக்கு மனசு இன்றைக்கும் ஏங்குகிறது.

பெரியம்மா ஓய்வு பெற்றார். அதன்பின் கார், வீட்டிலிருந்து அடுத்த தெருவில் இருந்த கடைக்கு மட்டும் போய் வந்தது. வாரம் தவறாமல் பேட்டரி படுத்தது. ஊருக்கே வைத்தியம் பார்ப்பவரின் வண்டியைத் தெருவே கூடித் தள்ளியது. பெரியப்பாவுக்கு மானம் போயிற்று. பேட்டரி டெர்மினலில் பூத்திருந்த உப்பைச் சுரண்டினார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்த்தார். அணைத்த பிறகும் கரண்ட் குடிக்கிறதென்று ரேடியோவைப் பிடுங்கிப் போட்டார். புது பேட்டரியே மாட்டினார். அதுவும் படுத்தது.

வண்டிக்கு வயசாகிவிட்டது, விற்றுவிடலாம் என்றான் அவர்கள் மகன். பெரியப்பா தலையாட்டிவிட்டார். பெரியம்மாவின் முகம் செத்துப்போனது. வண்டி போய்விட்டால் இந்த மனுஷன் இனி தன்னிடம் பேசவே போவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

வாங்குகிறவர் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பெரியப்பா வாசலில் சார்ஜர் மாட்டி வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். பெரியம்மா வேலைக்குக் கொண்டுபோகும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கடைசியா வண்டி எவ்வளவு தூரம் போச்சு?"

பெரியப்பா முழித்தார். சத்தியமாக அதே முழி. ஸ்டார்ட் பண்ணச் செலவான சார்ஜ் திரும்ப ஏற நல்ல தூரம் ஓட வேண்டும், தெருவுக்குள்ளேயே சுற்றினால் எங்கே ஏறும் என்று எல்லோரிடமும் சொன்னவர் அவர்தான்.

சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பெரியம்மாவுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டார். நான் யாரும் கூப்பிடாமலே பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். முதல் திருப்பத்திலேயே, பிடுங்கிய ரேடியோவைப் பற்றிச் சண்டை ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் பெரியப்பா எக்ஸ்சேஞ்ச் வாசலில் போய் நிறுத்தினார். பெரியம்மா அசையவில்லை.

"இறங்கலையா?"

"நான் இறங்கினா நீங்க பேச்சை நிறுத்திடுவீங்க. ஓட்டுங்க."

வாங்க வந்தவர் பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். நாங்கள் வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. அந்த ரேடியோ சண்டை அப்போதும் முடியவில்லை.