அண்ணன் இருக்கும் ஊர்

என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு வாய் தேநீர்கூடக் குடித்திருக்கமாட்டார்கள். அதற்குள் என் அண்ணன் மகள் சுவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"அத்த, இது எங்க ஊர் லைப்ரரி ஆச்சே! இத எதுக்கு இங்க மாட்டியிருக்கீங்க?"

சற்று முன்னால்தான், அவள் உள்ளே என் மகளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது, நான் அதே படத்தைக் காட்டி, "இதான் தாய்மாமன் வீடு. பாரிஸ்ல" என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

அந்தப் படத்தில் ஒரு பெரிய கல்வீடு இருக்கும். இரண்டு மாடி, கருப்பு ஓட்டுக் கூரை, அகலமான படிகள், இரு பக்கமும் உயரமான மரங்கள். படியில் கோட்டு போட்டுக்கொண்டு என் அண்ணன் நின்றிருப்பார். கப்பல் வேலைக்கென்று ரங்கூனிலிருந்து போனவர் அவர். பிரான்சில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவர் திரும்பவே இல்லை. கொஞ்ச காலம் சேதியும் இல்லை. பிறகு ஊருக்கு வந்த கப்பல்காரர் ஒருவர் கையில் இந்தப் படம் வந்தது. அடுத்த தடவை தொலைபேசியில் பேசியபோது, "படம் வந்துச்சா? அங்கதான் இருக்கேன்" என்றார். அம்மா அழுதுகொண்டே, "வீடு நல்லா இருக்குடா" என்றாள். அன்றிலிருந்து அது அண்ணன் வீடு. ரங்கூன் பசுந்தாங்கில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நாலாவது மாடிக்காரம்மாவின் அண்ணனுக்குப் பாரிசில் பங்களா இருக்கிறதென்று. நானும் மனசார அப்படித்தான் நம்பியிருந்தேன்.

பெண் பார்க்க வந்த அன்று எனக்கு அந்த வீடு மிகவும் தேவைப்பட்டது. என் கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. மகள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்குத் தமிழ் புரியும், ஆனால் பேச்செல்லாம் பர்மா பாஷைதான். எங்களுக்கென்று சொல்லிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? கல்யாணப் பேச்சில் தாய்மாமன் யார், எங்கே இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால் பழைய படத்தை லான்மடாவில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அன்று காலையில்தான் மாட்டினேன். அந்த நேரத்தில் என் மகளும் அண்ணன் மகளும் பூ வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார்கள்.

அண்ணன் மகள் ரங்கூனுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அவளுடைய அம்மா பாண்டிச்சேரிப் பக்கத்துக் குடும்பம் என்பதால் தமிழ் நன்றாகவே பேசுவாள். தன் ஊர் நகராட்சியில் அவளுக்கு வேலை. ஊரைப் பார்க்க வருகிறவர்களைத் தெருத்தெருவாக அழைத்துப்போய் அந்த ஊரின் கதையைச் சொல்ல வேண்டுமாம். எனக்கு அது ஒரு வேலையாகவே தோன்றவில்லை. வந்த நாளிலிருந்து இங்கேயும் அதையே செய்தாள். பழைய கட்டடம் எதைப் பார்த்தாலும் யார் கட்டியது, முன்பு இங்கே என்ன இருந்தது என்று கேட்பாள். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தைப் பற்றியே எனக்குப் பதில் தெரியவில்லை. நான் அவளிடம் கேட்டதெல்லாம் ஈபிள் கோபுரத்தைப் பற்றியும் குளிரைப் பற்றியும்தான். "உங்க வீடு எப்படி இருக்கும்?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

அவள் சிரித்ததும் மாப்பிள்ளையின் அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதோடு விட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஆர்வம் வந்துவிட்டது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஊர்க்கதை என்றால் உயிர்.

"லைப்ரரியா? அவ்வளவு பெரிசா? பாரிஸ்ல எந்தப் பக்கம்மா?"

"பாரிஸ் இல்லீங்க மாமா. பாரிசுக்கு வெளியில, வடக்குப் பக்கம். ரயில்ல கொஞ்ச நேரம். எங்க ஊர் தனி ஊர்."

"லப்பெத் எடுத்துக்குங்க" என்று ஊறிய தேயிலைத் தட்டை அவர் முன்னால் நீட்டினேன். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "முந்தி அங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

யாராவது அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்களா என்றுதான் அவள் வந்த நாளிலிருந்து காத்திருந்தாள் போலிருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது.

"முழுக்கக் காய்கறித் தோட்டம் மாமா. முட்டைக்கோசு, கேரட்டு, பட்டாணி. விடியறதுக்குள்ள வண்டி கட்டிப் பாரிஸ் சந்தைக்குப் போயிரும். திரும்பி வரும்போது அதே வண்டியில பாரிஸ் குதிரைச் சாணிய ஏத்திக்கிட்டு வருவாங்க, உரத்துக்கு. இந்த வீடு அங்க நெறைய நெலம் வெச்சிருந்த ஒரு பணக்காரரோடது. பின்னால நகராட்சி வாங்கிருச்சு."

"அப்பறம்?"

"ரயில் வந்துச்சு, ஃபாக்டரி வந்துச்சு. எலும்பு காய்ச்சுறது, பசை காய்ச்சுறது, நாத்தம் புடிச்ச வேலையெல்லாம் பாரிஸ்காரங்க தங்க ஊர்ல வேணாம்னு எங்க பக்கம் தள்ளிட்டாங்க. அதுல வேலை செய்ய ஆளுங்க வந்தாங்க. மொதல்ல பிரான்ஸ்லயே ஏழை ஊருங்கள்ல இருந்து, அப்பறம் இத்தாலி, ஸ்பெயின், அல்ஜீரியா. தங்க எடமில்ல. தகரம், பலகை வெச்சு சேத்துல குடிசை போட்டு இருந்தாங்க."

நான் என் மகளைக் கண்ணால் தேடினேன், எப்படியாவது பேச்சை மாற்று என்று. அவள் தலை குனிந்து புடவை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய காது மடல்கூடச் சிவந்திருந்தது.

"இப்ப உங்க அப்பா எங்க இருக்காரு?" இதைக் கேட்டது மாப்பிள்ளையின் அம்மா.

"அந்தக் குடிசைங்கள எடுத்துட்டுப் பெரிய பெரிய அடுக்குமாடி கட்டுனாங்க ஆன்ட்டி. அதுல ஒண்ணுலதான் நான் பொறந்தேன். பத்தாவது மாடி. அப்பா அம்மா குடி போனப்பவே லிஃப்ட் பாதி நாள் ஓடாதாம். இப்ப அந்தக் கட்டடம் இல்ல, வெடி வெச்சு இடிச்சிட்டாங்க. அதே ஊர்ல வேற ஒரு வாடகை வீட்டுல இருக்கோம்."

"வாடகை வீடு" என்று அந்த அம்மா மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு கணவரைப் பார்த்து, "கெளம்பலாமா? கரண்டு போயிட்டா படியெறங்க முடியாது" என்றார். வெளியே நல்ல வெளிச்சமாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மட்டும் எழுந்திருக்க மனமில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "வெடி வெச்சப்ப சனங்க எங்க நின்னாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை நான் கதவருகிலேயே நின்றேன். பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு போகிறார்களே என்பதுதான் அப்போது என் மனதில் இருந்த ஒரே எண்ணம். உள்ளே வந்தேன். அண்ணன் மகள் சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வந்த எடத்துல சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?" என்றேன். "உங்கப்பன் சேரியில கெடக்குறான்னு ஊர் முழுக்கச் சொல்லணுமா?"

சேரி என்ற அந்தச் சொல் என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. துறைமுகத்துக்கும் ரயிலுக்கும் நகராட்சிக்கும் கூலியாக இங்கே வந்து இறங்கிய சனங்களின் வம்சம் நாங்கள். அந்தச் சொல்லை எங்கள் மீது எறிந்தவர்கள் எத்தனையோ பேர்.

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாரிஸ்ல வேலை கேட்டுப் போயிருக்கேன் அத்த, இந்த வேலை கெடைக்கிறதுக்கு முன்னாடி. எல்லாம் நல்லாப் பேசுவாங்க. எங்க இருக்கன்னு கேப்பாங்க. ஊர் பேரச் சொன்ன ஒடனே அவங்க மூஞ்சி ஒரு மாதிரி மாறும். இப்ப உங்க மூஞ்சி அப்படி இருக்கு."

என் மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பர்மா பாஷையில் அண்ணன் மகளிடம், "வா, மொட்டை மாடிக்குப் போகலாம்" என்று கையைக் காட்டி அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அண்ணன் மகளுக்கு அந்த மொழி புரியாது, ஆனாலும் போனாள். நான் ஈரத் தரையில் தனியாக நின்றேன்.

மறுநாள் கரண்டு இருந்த நேரத்தில் அண்ணனைக் கூப்பிட்டேன். கைபேசித் திரையில் அவர் முகம் தெரிந்ததும் சண்டை போடத்தான் நினைத்தேன். நடந்ததையெல்லாம் அவர் மகள் முன்னமே சொல்லியிருக்கிறாள். அவரே தொடங்கிவிட்டார்.

"நான் வீடுன்னு சொல்லவே இல்லம்மா. அங்கதான் இருக்கேன்னு சொன்னேன். நெசமா அங்கதான் இருந்தேன்."

அந்த முதல் குளிர்காலத்தில் ஒரே அறையில் முறைவைத்துப் படுத்தார்களாம். ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் பகலில் படுப்பார்கள், அதனால் பகலில் இவர் வெளியே போய்விட வேண்டும். கையில் தங்கும் பத்திரம் கிடையாது. தெருவில் நின்றால் போலீஸ் பயம், கடையில் உட்கார்ந்தால் ஏதாவது வாங்க வேண்டும். அந்தக் கல்வீட்டில் மட்டும் உள்ளே போனால் சூடாக இருக்கும், எவரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

"அங்க வேலை செஞ்ச ஒரு அம்மா கொழந்தைங்க படப் புத்தகம் ஒண்ண எடுத்து முன்னால வெச்சிட்டுப் போனாங்க. அப்படித்தான் இந்த பாஷைய படிச்சேன். நம்ம அம்மா அன்னைக்கு வீடு நல்லா இருக்குன்னு சொன்னப்ப இல்லன்னு சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு. அப்பறம் ஒவ்வொரு வருசமும் சொல்றது கஷ்டமா ஆயிருச்சு."

"இடிச்சாங்களாமே, நீங்க இருந்த அடுக்குமாடிய" என்றேன்.

அவர் நெடுநேரம் பேசினார். அந்தக் கட்டடத்துக்கு முதலில் குடிவந்தவர்களுக்கு அது சொர்க்கமாம். சேற்றிலிருந்து வந்தவர்களுக்குக் குழாயைத் திறந்தால் வெந்நீர். பின்னால் ஃபாக்டரிகளை மூடினார்கள், வேலை போயிற்று, யாரும் பழுது பார்க்கவில்லை. பாரிஸ் பத்திரிகைகள் அந்த ஊரைத் திருடர் ஊர் என்று எழுதின. இடித்த அன்று அதிகாரிகள் மேடை போட்டுப் பேசினார்கள். குடியிருந்தவர்கள் நாற்காலி கொண்டுவந்து தூரத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அல்ஜீரியக்காரர் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டாராம். புழுதி அடங்கியபோது, அதுவரை கட்டடம் மறைத்திருந்த வானம் திடீரென்று தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது என்றார்.

இத்தனை வருடத்தில் அண்ணன் என்னிடம் இவ்வளவு பேசியது கிடையாது. நான் கேட்டதும் கிடையாது. அரிசி விலை சொல்வேன், யார் செத்தார்கள் என்று சொல்வேன், இங்கத்து நிலவரத்தைச் சொல்லி அழுவேன். அங்கே அவர் எப்படிப் படுத்தார், எதில் குளித்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. கல்வீட்டில் இருப்பவருக்கு என்ன குறை என்று இருந்துவிட்டேன்.

சம்பந்தம் நடக்கவில்லை. நடுவில் நின்றவர் வந்து, நாள் சரியில்லையாம், அப்புறம் பார்க்கலாமாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கீழ்வீட்டுப் பெண்ணிடம், "வீட்டு விஷயத்துலயே இப்படின்னா" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னதாக எனக்கு வந்து சேர்ந்தது. மகளிடம் சொன்னேன். "பரவால்லம்மா" என்று தமிழில் சொன்னாள். அவள் தமிழில் பதில் சொல்வது அபூர்வம். அது எனக்காகச் சொன்னது என்று புரிந்தது, அதனால் இன்னும் கூசியது.

அண்ணன் மகள் கிளம்பும்வரை முன்போலவே பழகினாள். என்னிடம் மரியாதைக்குக் குறைவில்லை. விமான நிலையத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்த அன்னைக்குச் சொன்னத மனசுல வெச்சுக்காத" என்றேன்.

"எந்த வார்த்தைய அத்த?" என்றாள்.

தெரியாமல் கேட்டாளா, நான் அதைத் திரும்ப வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னால் சொல்ல முடியவில்லை. அவள் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போன மாதம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்கு அப்பால் மாப்பிள்ளையின் அப்பா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

"தங்கச்சி! ஒரு நிமிசம் நில்லுங்க. உங்க அண்ணன் ஊரப் பத்தி ஒண்ணு கேக்கணும்."

அவர் முகத்தில் கேலி எதுவும் இல்லை. சிரித்துக்கொண்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். இப்போது என்னிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. வெந்நீரைப் பற்றி, நாற்காலிகளைப் பற்றி, வானத்தைப் பற்றி எல்லாம் சொல்லியிருக்கலாம். நான் காதில் விழாதவள்போல் திரும்பி, மீதிக் காசைக்கூட வாங்காமல் தெருவுக்கு வந்து, நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது எங்கே போகிற பஸ் என்று பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் நடைபாதையில் நின்று இரண்டு பக்கமும் தேடிக்கொண்டிருந்தார்.