சிரிப்புப் படம் என்று எழுதிக் கொடுத்தவர்

பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்து நீங்கள் கடைசியாக எப்போது சிரித்தீர்கள்? சிரிப்பதற்கு முன், அதில் நிற்பவரும் சிரிக்கிறாரா என்று பார்த்தீர்களா?

பழைய தபால் அட்டைகளை வாங்கி விற்கும் ஒருவர் அதைப் பார்க்கவில்லை. சந்தையில் அவருக்குப் 'பின்பக்கம்' என்று பெயர். எந்த அட்டை கைக்கு வந்தாலும் படத்தைப் பார்ப்பதற்கு முன் திருப்பிப் பின்புறத்தைத்தான் பார்ப்பார். "இவரு கட்டிக்கிறதுக்கு முன்னாடி பொண்டாட்டியைக்கூட முதுகுப் பக்கம்தான் பார்த்திருப்பாரு" என்று பக்கத்துக் கடை நாணய வியாபாரி கேலி செய்வார்.

அவர் செய்ததில் நியாயம் இருந்தது. அவர் விற்றவை அச்சடித்த படங்கள் அல்ல. புகைப்படத் தாளிலேயே நேரடியாகக் கழுவி எடுத்த அட்டைகள். அச்சுப் படத்தை லென்ஸில் பார்த்தால் புள்ளி புள்ளியாக உடையும். இது உடையாது, சாய்த்துப் பிடித்தால் கறுத்த இடங்களில் வெள்ளி மினுங்கும். பின்புறத்தில் தபால்தலை ஒட்டும் கட்டத்தில் தாள் செய்த நிறுவனத்தின் குறி இருக்கும். காலத்துக்குக் காலம் அந்தக் குறி மாறும். அதை வைத்துத்தான் வயதைக் கணிப்பார். தபால் முத்திரையை நம்பமாட்டார். "முத்திரை, அட்டை எப்போ பயணம் போச்சுன்னுதான் சொல்லும். எப்போ பொறந்துச்சுன்னு சொல்லாது" என்பார்.

ஒரு வீட்டைக் காலி செய்தவர்கள் கொடுத்த பழைய அட்டைக் கட்டு ஒன்றில் அந்த அட்டை வந்தது. மரப்பெட்டி ஒன்றின் மேல் மொட்டைத் தலையோடு ஒரு பெண். முகத்தில் சுண்ணாம்புக் கோடுகள். இருபுறமும் மீசை முறுக்கிய இரண்டு ஆண்கள். சுற்றி நின்று ஒரு தெருவே சிரிக்கிறது. அவருடைய லென்ஸ் பின்புறக் கட்டத்தில் நின்றது. ஓரத்து மிதிவண்டியின் விளக்கில் நின்றது. ஆண்களின் கால்சட்டை மடிப்பில் நின்றது. அவள் முகத்தில் மட்டும் நிற்கவில்லை. கூட்டம் காமிராவைப் பார்த்துச் சிரித்தால் அது வேடிக்கைக் காட்சி என்பது அவர் தனக்கே வகுத்துக்கொண்ட விதி. ஆண்டைக் கணித்து, 'தெரு நாடகம், கோமாளி வேடம்' என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஓர் உணவக முதலாளிக்கு விற்றார். முதலாளி அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கித் தன் கிளைகள் எல்லாவற்றிலும் மாட்டினார். அடியில் 'அந்தக் காலத்துச் சிரிப்பு' என்று எழுத்து.

பெருமை பிடிபடவில்லை பின்பக்கத்துக்கு. மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டாரை அங்கேயே சாப்பிட அழைத்துப் போனார். சம்பந்தியம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான்கு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை சொல்பவர்.

"சம்பந்தி, அந்தப் படத்தைப் பாருங்க. நம்ம சரக்கு! நாடகம்னு கண்டுபிடிச்சதே நான்தான்."

மருமகன் வாய்க்குள் சோற்றோடு சிரித்தார். "மாமா, அந்த மொட்டைக்கு ரெண்டு கொம்பும் வச்சிருக்கலாம்."

சம்பந்தியம்மா எழுந்து போய்ப் படத்தின் அருகே நின்றார். நின்றுகொண்டே இருந்தார். "அம்மா, ஆறிப்போகுது, வாங்க" என்று மகன் கூப்பிட்டும் திரும்பவில்லை.

"எந்த வருஷம்னு போட்டிருக்கீங்க சம்பந்தி?"

சொன்னார்.

"வருஷம் சரிதான்."

"நம்ம கணக்கு என்னைக்குத் தப்பியிருக்கு?" என்று பின்பக்கம் மேசையைத் தட்டினார்.

"இது எங்கம்மா" என்றார் சம்பந்தியம்மா. "பின்வரிசையில ஒருத்தர் தோள்ல துணி சுத்தின குழந்தை தெரியுதா? அது நான். தூக்கிட்டு நிக்கிறது எங்கப்பா. கிட்ட விடல அவரை."

மருமகனின் கை தட்டிலேயே நின்றது. அவர் கொம்பு வைக்கச் சொன்னது தன் பாட்டிக்கு.

அந்த வருடம் தெருவில் குழந்தைகள் அடுத்தடுத்துக் காய்ச்சலில் செத்தன. தண்ணீர்த் தொட்டியில் சாக்கடை கசிந்திருந்தது. அதைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வாயாடி என்று பெயரெடுத்த ஒருத்தியைச் சூனியக்காரி என்று சொல்வது சுலபமாக இருந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கத் தெரியாத கூட்டத்துக்கு ஒரு பெண்ணின் தலையை மழிக்க மட்டும் தெரிந்திருக்கிறது. படித்தவர்களும் அந்தப் படத்தில் நிற்கிறார்கள். மூக்குக் கண்ணாடிகள் தெரிகின்றன. சூனியம் என்று உலகத்தில் எதுவும் இல்லை. சூனியம் வைத்தாள் என்று சொல்லி மனிதரை மிதிப்பவர்கள் உண்டு.

"படம் எடுத்தவன் அட்டையாப் போட்டு வித்தான். வாங்க அடிதடியாம்" என்றார் சம்பந்தியம்மா. "அதுக்கப்புறம் எங்கம்மா காமிரா முன்னாடி நின்னதே இல்ல. வீட்டுல அம்மா படம்னு ஒண்ணு கிடையாது. சின்ன வயசு முகத்தை இப்பத்தான் பாக்குறேன்."

பின்பக்கம் நாற்காலியை விட்டு எழுந்தார். "என்னை மன்னிச்சிருங்க சம்பந்தி" என்றார், தரையைப் பார்த்து.

"உங்க மன்னிப்பை வச்சு நான் என்ன பண்ண? படத்தை இறக்கச் சொல்லுங்க."

மறுநாளே முதலாளியிடம் போனார். முதலாளி இழுப்பறையிலிருந்து சான்றை எடுத்து அவர் முன்னாலேயே வைத்தார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான். ஆனா தப்பா எழுதிட்டேங்க."

"வருஷம் சரி, விஷயம் மட்டும் தப்பா? நல்லா இருக்குய்யா உங்க கணக்கு! ஜனங்க அதுக்குப் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்குறாங்க. ஒரு கிழவி சொன்னான்னு கழட்டிட முடியுமா?"

தான் தந்த சான்றே தன்னைப் பொய்யனாக்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கூட்டம் நிறைந்த மதிய வேளையில், நாற்காலி மேல் ஏறிச் சட்டத்தைப் பிடித்து இழுத்தார். நான்கு மூலையிலும் திருகாணி. பரிமாறுபவர்கள் இடுப்பைப் பிடித்து இறக்கினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், ஒருவர் படமும் எடுத்தார். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்று தெரிந்தது. அவள் பட்டதில் அது ஒரு துளிகூட இல்லை என்பதும் தெரிந்தது.

இப்போது அவர் மகள் வீட்டுப் படியேறுவதில்லை. "அத்தை ஒரு வார்த்தை திட்டலப்பா. திட்டியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்" என்றாள் மகள் தொலைபேசியில். ஒவ்வொரு கிளையாகப் போய் வாசலில் நின்று உள்ளே போகிறவர்களிடம் சொல்லிப் பார்க்கிறார். பைத்தியம் என்று விலகிப் போகிறார்கள்.

படம் இன்னும் தொங்குகிறது. தனியொருவர் சொன்னால் இறங்காது. நீங்கள் சாப்பிடப் போகும் இடத்தில், மரப்பெட்டி மேல் மொட்டைத் தலையோடு நிற்கும் அந்தப் பெண்ணைக் கண்டால், முதலாளியைக் கூப்பிடுங்கள். இது நாடகம் இல்லை என்று பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். அதை இறக்கும் வரை அங்கே உட்காராதீர்கள்.