உவர் தெரியாத நாக்கு

தண்ணீரோடு மல்லுக்கட்டி நான் ஒருநாளும் வென்றதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தை அடுத்த வேலணைத் தீவில் சுண்ணாம்புக்கல் தோண்டும் ஒரு கிடங்கில் தண்ணீர் இறைக்கும் வேலை எனக்கு. கல்லை உடைத்து எடுக்க எடுக்க அடியில் தண்ணீர் ஊறும். காலையில் நான் மிசினைப் போட்டு அதை இறைத்துத் தள்ளினால்தான் கல்லுடைப்பவர்கள் உள்ளே இறங்குவார்கள். மறுநாள் விடிந்து வந்து பார்த்தால், நேற்று நான் வேலைக்கே வராதது போலக் கிடங்கு நிறைந்திருக்கும். மழைக்காலத்தில் மேட்டு நிலத்து வெள்ளமும் சேர்ந்து வந்து விழும். சலித்துப் போகும்.

இறைத்த தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியே பரவைக் கடலுக்குப் போக வேண்டும். வேறு எங்காவது விடுவதென்றால் உவர் இல்லை என்று பார்த்துத்தான் விட வேண்டும். அது ஓவசியரின் கட்டளை. பார்ப்பதற்குக் கருவி எதுவும் அவர் தரவில்லை. என் நாக்குத்தான் கருவி.

அந்த வாய்க்கால் ஓர் அக்காவின் தோட்டத்து வேலியோரமாகப் போனது. அவருடைய கணவர் தெற்கே ஒரு கடையில் வேலைக்கு நின்றார். வருஷத்தில் இரண்டு தரம் வந்து போவார். தோட்டமும் ஒரே மகளும் அக்காவின் பொறுப்பு. வெளிநாட்டு மிளகாய் வருவது நின்று எங்கள் மிளகாய்க்கு மவுசு வந்த காலம் அது. அவரும் தோட்டம் முழுக்க மிளகாய் வைத்திருந்தார். நடுவில் ஒரு கிணறு. தோட்டத்துக்கு முன்னால் போன ஒழுங்கையில் நாலு வீட்டுக்குக் குடிதண்ணீர் அந்தக் கிணற்றில்தான்.

தை பிறந்து மழை விட்டதும், வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, உந்தத் தண்ணி சும்மா கடலுக்குத்தானே போகுது. என்ர தோட்டத்துக்குத் திருப்பி விடுவீரோ? அள்ளி இறைக்க எனக்கு ஏலாமல் கிடக்கு.”

நான் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன்.

“நல்ல தண்ணி அக்கா. பயப்பிடாதேங்கோ.”

அன்றைக்கு அது உண்மை. கிடங்கில் நின்றது மழைத் தண்ணீர். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் வாய்க்காலைத் தோட்டத்துக்குத் திருப்ப முன்னர் ஒரு கை அள்ளிக் குடிப்பேன். கடமை தவறாதவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மாசியில் கிடங்கை இன்னும் ஓர் ஆள் ஆழத்துக்குத் தாழ்த்தினார்கள். நான் வழக்கம்போலக் குடித்தேன், வழக்கம்போல நல்ல தண்ணீர் என்றேன். அதுவரை கிடங்குத் தண்ணீரில் தேத்தண்ணி போட்ட கல்லுடைப்பவர்கள், வீட்டிலிருந்து சைக்கிளில் தண்ணீர் கொண்டுவரத் தொடங்கினார்கள். அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம். எடுப்பும் பகட்டும் பிடித்தவர்கள் என்று நினைத்தேன்.

ஒருநாள் அக்கா ஒரு மிளகாய்க் கன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். இலையோரம் எல்லாம் கருகியிருந்தது.

“இதென்ன தம்பி இப்பிடி எரிஞ்சு போகுது?”

“பூச்சியாக்கும் அக்கா. மருந்து அடிச்சுப் பாருங்கோ.”

மருந்து அடித்தார். நான் பின்னும் பத்து நாள் தண்ணீர் விட்டேன். பாத்திகளில் வெள்ளை பூத்தது. கிணற்றுத் தண்ணீரும் மாறியிருந்தது. கோடையில் கொஞ்சம் மாறுவது வழக்கம்தானே என்று நாலு வீட்டாரும் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

பிறகு ஓவசியர் வந்தார். அவர் யாழ்ப்பாணப் பட்டினத்துக்காரர். வெயில் களைப்பில் அக்காவிடம் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர் வாங்கி வாயில் விட்டவர், அப்படியே துப்பினார். நேரே போய் வாய்க்காலில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

“ஐசே, இது தனி உவர். நீர் ருசி பாத்தனீரோ?”

“ஒவ்வொரு நாளும் பாத்தனான்.”

“நீர் எந்த ஊர்?”

“நெடுந்தீவு.”

அவர் சிரிக்கத் தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நெடுந்தீவில் நான் பிறந்த பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். ஆழமாக்கிய கிடங்கில் நாளுக்கு நாள் ஏறிய கடலுப்பு எனக்கு வீட்டுத் தண்ணீராகவே இருந்திருக்கிறது.

மிளகாய் ஒரு பாத்தியும் மிஞ்சவில்லை. நாலு வீட்டாரும் குடத்தோடு அரை மைல் நடந்து கோயில் கிணற்றுக்குப் போகத் தொடங்கினார்கள். அக்கா என்னை ஏசவில்லை. “நீர் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த மழை பாத்திகளைக் கழுவியது. கிணறு தேறவில்லை. மறு வருஷம் கிடங்கையும் மூடிவிட்டார்கள். நானும் வேறு வேலைக்குப் போனேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து ஊர்காவற்றுறைக்குப் போகிற வழியில், மனம் கேட்காமல் வேலணையில் இறங்கினேன். அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. மூன்று வீட்டார் ஒழுங்கையை விட்டுப் போய்விட்டார்கள் என்றார். என்னை இருத்திவிட்டுக் கிணற்றில் அள்ளி ஒரு செம்பு கொண்டுவந்து தந்தார்.

“குடிச்சுப் பாத்துச் சொல்லும் தம்பி. நடக்க ஏலாமல் நான் இப்ப இதைத்தான் குடிக்கிறனான். எனக்கு வித்தியாசம் தெரியேல்லை. நாளைக்கு மகள் கைக்குழந்தையோட வாறாள். பிள்ளைக்கு இதைக் குடுக்கலாமோ?”

ஒரு மிடறு குடித்தேன். குளிர்ந்த, நல்ல தண்ணீர். அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்குத் தெரியாது அக்கா” என்றேன்.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பிறகு அக்காவின் குடத்தை வாங்கிக்கொண்டு கோயில் கிணற்றுக்கு நடந்தேன்.