சடுகுடுவும் ஈரத் துண்டும்

ஈரத் துண்டை மூக்கோடு இறுக்கிக் கட்டினால் முதலில் தேயிலைத்தூள் வாடை வரும், அப்புறம் நம் வாயின் வாடை வரும், அதற்கப்புறம் எதுவுமே வராது, காற்றும்கூட. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, குடியுரிமை பறிபோய், எங்களுக்கு நாடில்லாமல் போயிருந்த வருஷங்களில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், என் அண்ணன் பகலெல்லாம் அப்படித்தான் மூச்சு விட்டான். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் "ஸ்டோரு" என்போம். அங்கே தூள் சலிக்கும் அறையில் அவனுக்கு வேலை. சாயங்காலம் அதே துண்டோடு சடுகுடு பழகுவான். "துணியோட பாடிப் பழகுனா, அவுத்துட்டுப் பாடயில மூச்சு ரெட்டிப்பா நிக்கும்" என்பது எங்கள் வரிசை வீடுகளான லயத்துப் பெரியவர்களின் சாஸ்திரம்.

நானும் சும்மா இருக்கவில்லை. எனக்கென்று துண்டு கிடையாது. அதனால் அம்மா கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் "படங்கு" சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு மலைப்படியில் ஓடி, கண்ணும் தெரியாமல் மூச்சும் இல்லாமல், லயத்து முன்னால் ஓடும் சாக்கடைக் "கானு"க்குள் தலைகுப்புற விழுந்தேன். "பயில்வான் குளிக்கிறாருடோய்!" என்று லயமே கூடிச் சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தால் அவனுக்கு இருமல் வந்துவிடும்.

அந்த இருமலுக்காகத்தான் அவன் ஸ்டோருக்கு ராஜாவான டீமேக்கர் ஐயாவிடம் போய், தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளிவேலை கேட்டான். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்தோ கான் வெட்டோ, காற்றோட்டமாக இருந்தால் போதும். "சடுகுடு பாடுற நெஞ்சுக்கு என்னடா கேடு? பொங்கலுக்குப் பாடு, பாக்குறேன்" என்றார் அவர். சொன்னபடியே வந்தும் விட்டார், நாற்காலியோடு.

பொங்கலன்று பக்கத்துத் தோட்டத்தோடு போட்டி. "வேணும்னே தோத்துருய்யா, சாமி" என்று அம்மா கெஞ்சினாள். "ஊரு முன்னாலயா? அது மட்டும் ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டு, துண்டை அவிழ்த்து என் தோளில் போட்டான் அண்ணன். பாடிக்கொண்டு போனவன் இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பினான். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் "சடு" வந்தது, "குடு" வரவில்லை. யாரும் பிடிக்காமலே மண்டியிட்டு விழுந்தான். நான் வெளியே நின்று "குடு, குடு" என்று மிச்சத்தைப் பாடித் தொலைத்தேன். ஆட்டத்தில் அதற்கு இடமில்லையாம்.

டீமேக்கர் ஐயா எழுந்தார். "வெளிவேலைக்காக என்னமா நடிக்கிறான் பாருங்க!"

மறுநாள் காலைப் "பெரட்டில்" வேலை பிரித்தபோது, அண்ணனுக்கு அதே தூள் அறைதான் விழுந்தது. வேணுமென்றே தோற்றவன் என்று லயமும் அவனோடு பேசவில்லை. அந்த அறையை விட்டு அவன் வெளியே வந்தது, நிற்கவே முடியாமல் போன பிறகுதான். அடுத்த பொங்கலுக்கு அவன் இல்லை.

அண்மையில் போயிருந்தேன். ஸ்டோரின் தகரங்களைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சடுகுடுக் களம் இருந்த இடத்தில் புல். ஆளில்லாத தைரியத்தில், நடுக்கோடு இருந்த இடம் இதுதான் என்று நானே முடிவு செய்துகொண்டு பாடிப் பார்த்தேன். ஒரு நாளும் தூள் சலிக்காத, தின்று கொழுத்த என் நெஞ்சும் "சடு"வோடு நின்றுவிட்டது. மிச்சத்தைப் பாட வெளியே யாரும் நிற்கவில்லை.