முடிக்கார சேசு

பாச்சை உருண்டையும் பழைய வெல்வெட்டும் கலந்த ஒரு வாசனைதான் எனக்குத் தவக்காலம். திருப்பதிக்குப் பக்கத்தில், பாகாலாவில் எங்கள் கோயிலின் பக்கவாட்டில், தோளில் சிலுவையோடு குனிந்தபடி, ஆளுயரத்தில் ஒரு சேசு நின்றிருந்தார். ஸ்பெயினிலிருந்து வந்து எங்கள் ஊர் மடத்திலேயே தங்கிவிட்ட சிஸ்டரம்மா, தன் ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கப்பலில் வரவழைத்த சிலை அது. கண்ணாடிக் கண், ஊதா அங்கி, தோள்வரை தொங்கும் நிஜமான மனித முடி. வேறெந்தக் கோயில் சேசுவுக்கும் சீப்பு தேவைப்படவில்லை என்பதால் எங்களுடையவருக்கு "முடிக்கார சேசு" என்று பெயர். ஸ்பெயின் பக்கம் சிலைக்கு உடுத்தி வாரிவிடுவது பெண்களின் உரிமையாம். இங்கே அது என் அம்மாவுக்குக் கிடைத்தது, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எனக்குப் பத்து வயதானபோது அந்த முடியைப் பூச்சி அரித்துவிட்டது. அதே மாதம், ரயில்வேயில் கேங்மேனாக இருந்த நைனா மஞ்சள் காமாலை முற்றி, திருப்பதி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். தன் ஊரில் பெண்கள் வேண்டிக்கொண்டு சிலைக்கு முடி கொடுப்பார்கள் என்று சிஸ்டரம்மா எப்போதோ சொன்னது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அவளுடையது எலிவால், என்னுடையது இடுப்புக்குக் கீழே தொங்கியது. என்னை யாரும் கேட்கவில்லை. நாவிதரிடம் உட்காரவைத்து, பின்னல் கலையாமல் அடியோடு மழிக்கச் சொல்லி, வெள்ளைத் துணியில் சுற்றி மடத்துக்கு எடுத்துப்போனாள்.

சிஸ்டரம்மா என் தலையைப் பார்த்துத் திகைத்துப்போனார். "பின்னல் மட்டும் வெட்டினா போதும். பிள்ளைக்கு மொட்டை எதுக்கு?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். திருமலை அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு, முடி கொடுப்பதென்றால் ஒரே வழிதான் தெரியும். "சாமிக்குக் குட்த்தா முழுசா குடுக்கணும். பாதிய வெச்சிக்கினு அது இன்னா வேண்டுதல்?" என்றாள்.

பள்ளியில் எல்லோரும் "கொண்டகு வெள்ளொச்சாவா?" என்று தெலுங்கில் கேட்டார்கள், திருமலைக்குப் போய்வந்தாயா என்று. விளக்கிச் சொல்லி அலுத்துப்போய் ஆமாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் அதையே நினைத்து முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அம்மா எதையும் காதில் வாங்காமல், மடத்து வராந்தாவில் சிஸ்டரம்மாவோடு உட்கார்ந்து, வலைத்தொப்பியில் என் முடியை இழை இழையாகக் கோத்துக்கொண்டிருந்தாள்.

பெரிய வெள்ளியன்று முடிக்கார சேசு என் முடியோடு தெருவில் பவனி போனார். எனக்குப் பக்தி வரவில்லை, கோபம்தான் வந்தது. அது என்னுடையது, திருப்பிக் கொடு என்றுதான் ஜெபித்தேன். உயிர்ப்புப் பெருவிழா முடிந்து நைனா எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தார். என் தலையைத் தடவி, "எனுக்காவயா கண்ணு?" என்று கேட்டு அழுதார். பேரப்பிள்ளையைப் பார்க்கும்வரை இருந்தார். கோபத்தை வைத்துக்கொள்ள எனக்கு வழியில்லாமல் போயிற்று.

இப்போது எனக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை, திருப்பதியில் வாடகை வீடு. கம்பெனி பஸ், ஷிப்ட், மறுபடி பஸ். ஞாயிறு தூங்குவதற்கே போதவில்லை. அம்மா என்னோடுதான், எழுந்து நடப்பதில்லை. சேசுவுக்கு வாரிவிட ஆளில்லை, நீயாவது போய் வா என்று அவள் நச்சரித்ததால், போன தவக்காலத்தில் ரயிலேறிப் பாகாலா போனேன். அந்த இடத்தில் முடியும் தாடியும் சேர்த்தே வார்த்த பைபர் சிலை நின்றது. சிஸ்டரம்மா போய்ச்சேர்ந்து வருஷங்களாயிற்று, மடத்தையும் மூடிவிட்டார்கள். பழைய சிலையைக் கரையான் தின்றுவிட்டதால் முறைப்படி எரித்துச் சாம்பலைப் புதைத்துவிட்டோம் என்றார் பங்குச்சாமியார். அவருக்கு என்ன தெரியும், பாவம். விளக்கிச் சொல்ல எனக்கும் தெம்பில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள்: "வாரிவுட்டியா?"

"வாரிவுட்டேம்மா."

"சிக்கு வுயுந்திருந்திச்சா?"

கொஞ்சம் இருந்தது, எடுத்துவிட்டேன் என்றேன்.