விளக்கு வைக்கும் நேரத்து அடி

என் கணவரைப் பக்கத்து வீட்டுக்காரன் அடித்தது 1991-ல், விளக்கு வைக்கும் நேரத்தில். அப்போது ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரவில்லை. எங்களுக்கு நெல்வயல்தான் பிழைப்பு.

அன்று வயலிலிருந்து திரும்பியவர், எங்கள் வீடு என்று நினைத்து அவர்களுடைய ஓலைத் தட்டி மறைப்புக்குள் நுழைந்துவிட்டார். உள்ளே அவன் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். அலறல் கேட்டு நான் ஓடியபோது, அவனும் அவன் தம்பியும் இவரைத் தெருவில் போட்டுச் சவுக்குக் கழியால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“கண்ணு தெர்லபா,” என்றார் இவர்.

“காலைல வரப்பு மேல சைக்கிள் வுட்ட. இப்ப கண்ணு தெர்லயா?” என்று கேட்டபடியே அவன் ஓங்கிய கழி காதில் இறங்கியது.

நான் அவன் கையைக் கடித்தேன். தம்பிக்காரன் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

சில மாதங்களாகவே பொழுது சாய்ந்தால் இவருக்குப் பார்வை மங்கும். முருங்கைக்கீரை, முட்டை, பப்பாளி என்று யார் எதைச் சொன்னாலும் கொடுத்தேன். எல்லாம் சாப்பிட்டும் உடம்பு உருகிக்கொண்டே போனது.

வாலாஜாபாத்தில் தையல் போட்ட டாக்டர், கண்ணைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். “வெளிக்குப் போறது எப்படிம்மா இருக்கு?”

“ரொம்ப நாளா கழிச்சல்தான் சார். எண்ணெ மாதிரி மெதக்குது.”

சாப்பாட்டிலுள்ள கொழுப்பைக் குடல் உறிஞ்சாமல் வெளியே தள்ளுகிறது, கண்ணுக்கு வேண்டிய விட்டமின் ஏ-யும் அதோடு போய்விடுகிறது என்றார். ஊசி போட்டார். குடலுக்கு மாதக்கணக்கில் சாப்பிட மாத்திரை எழுதினார். “பார்வை வந்துடும். காதுதான் சந்தேகம்.” காது வரவே இல்லை.

பார்வை சீக்கிரமே வந்தது. ஒரு சாயங்காலம், என் முகம் தெரிகிறது என்றார். நான் சந்தோஷப்படுவதற்குள் மண்வெட்டிக் காம்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். முதல் அடியில் அவனுக்கு இரண்டு பல் போனது. மறுபடி ஓங்கும்போது அவன் மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

“நீங்க தடவிக்கினுதாண்ணா வந்தீங்க, என்னப் பாக்கலன்னு அன்னிக்கே இவருகிட்ட சொன்னேன். அதுக்கு என் வாய ஒடச்சாரு.”

அவள் உதட்டில் காயம் இன்னும் ஆறவில்லை. இவர் காம்பைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அதன்பிறகு ஆண்களுக்குள் பேச்சு இல்லை. ஒருநாள் அடிபம்பில் அவள் மெதுவாகக் கேட்டாள்:

“அண்ணனுக்குக் கழிச்சல் நின்னுச்சாக்கா?”

“நின்னுடுச்சு.”

தன் வீட்டு வாசலில் அவன் நிற்கிறானா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.