மாமாவின் இடுப்பில் இருந்தது

என் இடது காதுத் துளை வலதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். எந்தக் கம்மல் போட்டாலும் அந்தப் பக்கம் சற்றுத் தூக்கிக்கொண்டு நிற்கும். காஞ்சிபுரத்தில் எந்த நகைக்கடைக்குப் போனாலும் இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். "பக்கத்துலயே வேற குத்திடலாம்மா, ஒரு நிமிச வேல" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அந்தக் கோணல் என் மாமாவின் பிஸ்டலால் வந்தது. பயப்பட வேண்டாம், அது வெடிக்கவில்லை.

மாமா என் அம்மாவின் ஒரே தம்பி. வாலாஜாபாத் பக்கத்தில் எங்கள் காலனி. தாத்தா காலம்வரை ஊரார் நிலத்தில் நாற்று நட்டவர்கள் நாங்கள். அப்பா அரிசி மில்லில் வேலை பார்த்தார். காலனியிலிருந்து போலீசுக்குப் போன முதல் ஆள் மாமாதான். பந்தோபஸ்துக்குப் போகிற வழியில் சில நாள் வீட்டுக்கு வருவார். காக்கி உடுப்பும் பெல்ட்டில் தொங்கும் உறையும் அதில் பிஸ்டலுமாக அவர் பைக்கிலிருந்து இறங்கினால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். ரோட்டோர டீக்கடையில் அவருக்கு மட்டும் பெஞ்சைத் துடைத்துப் போடுவார்கள். நான் பிஸ்டல் இருக்கும் பக்கமாகப் பார்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன்.

அப்புறம் அவரை ஒரு நீதிபதிக்கு மெய்க்காவலராகப் போட்டார்கள். அதற்கு உடுப்பு கிடையாது, மஃப்டிதான். சட்டையை வெளியே விட்டு, பிஸ்டலை உள்ளே மறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். பார்த்தால் இன்சூரன்ஸ் பிடிக்க வந்தவர் மாதிரி இருப்பார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியப்பா மகன் வேறு, "உங்க மாமாகிட்ட இருந்து துப்பாக்கிய புடுங்கிக்கினாங்களாம்" என்று காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். உள்ளே இருக்கிறது என்றேன். புருடா என்றான். காதுகுத்துக்கு மாமா வரும்போது எல்லார் முன்னாலும் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன்.

தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்த முடியாது. மாமாவுக்கோ லீவே கிடைக்காது. அதனால் ஏழு வயதுவரை மூளிக் காதோடு இருந்தேன். கடைசியில் நீதிபதி குடும்பத்தோடு காஞ்சிபுரத்துக்குச் சாமி பார்க்க வந்த ஒரு காலையில், அவர் விருந்தினர் விடுதியில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மாமா ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டார். அம்மாவும் நகரத்திலேயே ஒரு சின்ன அம்மன் கோயிலில் பூசாரியிடம் முன்கூட்டிச் சொல்லி, மண்டபத்தில் ஜமுக்காளம் விரிக்க இடம் பிடித்துவிட்டாள்.

அங்கே முதல் வம்பு வேட்டியில் வந்தது. எங்கள் வழக்கப்படி, அக்கா வீட்டில் எடுத்துக் கொடுக்கும் புது வேட்டி துண்டோடு, சட்டை இல்லாமல்தான் மாமன் உட்கார வேண்டும். மாமா சட்டையைக் கழற்ற மாட்டேன் என்றார். பேண்ட்டையும் கழற்றவில்லை. பேண்ட் மேலேயே வேட்டியைச் சுற்றி, அதன் மேல் துண்டையும் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கூட்டம் சிரித்தது. அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னாடா இது கோலம்? போலீஸ் ஆயிட்டா சட்டைய கயட்டக் கூடாதா?"

"உடுக்கா. இப்டியே உக்காந்துக்கறேன்" என்றார் மாமா.

மடியில் உட்கார்ந்ததும் என் இடுப்பில் கெட்டியாக இடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "வெளிய எடுத்து வெச்சுக்கோ மாமா, எல்லாரும் பாக்கட்டும்" என்று காதில் சொன்னேன்.

மாமா சிரித்தார். "அது வெளிய தெரிஞ்சா எல்லாரும் அத்தயே பாத்துக்கினு இருப்பாங்க பாப்பா. உன் காத யாரு பாப்பாங்க?"

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எதிரே பெரியப்பா மகன் உட்கார்ந்து என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தான்.

ஆசாரி ஊசியை எடுக்கும் நேரத்தில் வாசலில் கார்கள் வந்து நின்றன. பட்டுக்கடைக்காரர் ஒருவர் தன் பேரக்குழந்தையின் மொட்டைக்காகச் சொந்தபந்தங்களோடு வந்திருந்தார். நேராக எங்கள் ஜமுக்காளத்துக்கு வந்தார்.

"கொஞ்சம் அந்தாண்ட தள்ளிப் போட்டுக்கறீங்களா? எங்க ஆளுங்க உக்காரணும்."

"அஞ்சே நிமிசம் சார், குத்திட்டு எழுந்துக்கறோம்" என்றார் மாமா.

"எந்த ஊரு நீங்க?"

அப்பா முந்திக்கொண்டு, எழுந்து நின்று ஊரைச் சொன்னார். காலனி என்றும் சொன்னார். அவரிடம் யார் கேட்டாலும் மறைக்கத் தெரியாது. பட்டுக்கடைக்காரரின் குரல் அந்த இடத்திலேயே மாறிவிட்டது.

"அதான பாத்தேன். வேட்டி கட்டத் தெரியல, நடு மண்டபத்துல வந்து உக்காந்துக்கினு இருக்குது. எழுந்துருடா." சொல்லிக்கொண்டே குனிந்து, மாமாவின் சட்டை ஓரத்தை விரலால் சுண்டினார்.

அந்த விரலுக்கும் பிஸ்டலுக்கும் நடுவே சட்டைத் துணியும் துண்டும்தான் இருந்தன. எனக்குச் சந்தோஷத்தில் மூச்சு முட்டியது. இதைவிட நல்ல நேரம் வராது. "காட்டு மாமா, காட்டு" என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னேன்.

மாமா என் இரண்டு கைகளையும் கழுத்திலிருந்து எடுத்து, தன் இரண்டு கைகளுக்குள் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் எழுந்திருக்கவில்லை. பட்டுக்கடைக்காரர் பக்கம் திரும்பவும் இல்லை.

"ஆசாரி, நீங்க குத்துங்க" என்றார்.

"தலயப் புடிங்க தம்பி. கையப் புடிச்சுக்கினா கொயந்த ஆடாதா?"

"பரவால்ல. குத்துங்க."

முதல் குத்து சரியாக விழுந்தது. இரண்டாவதற்கு நான் தலையைத் திருப்பினேன், ஊசி கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. நான் போட்ட கத்தலில் பட்டுக்கடைக்காரர் முகம் சுளித்துக்கொண்டு தூணோரமாய்ப் போய் நின்றார். அம்மா வாயில் சர்க்கரையைப் போட்டாள். காது வலியால் அழுகிறேன் என்று நினைத்து எல்லாரும் சமாதானம் சொன்னார்கள். நான் காதுக்காக அழவில்லை. மாமா பயந்தாங்கொள்ளி என்று தெரிந்துவிட்டதே என்று அழுதேன்.

அதன்பிறகு மாமா ஜமுக்காளத்தைத் தானே உதறி மடித்தார். வேட்டியை அவிழ்த்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று பைக்கில் ஏறிப் போய்விட்டார். போகும்போது என் கன்னத்தைத் தொட வந்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெரியப்பா மகன் வழி நெடுகக் கேலி செய்தான். மாமாவிடம் ரொம்ப நாள் நான் சரியாகப் பேசவே இல்லை.

இப்போது மாமா ஓய்வு பெற்றுவிட்டார். பிஸ்டலை ஒப்படைத்துவிட்டு வந்த பிறகும் சட்டையை வெளியே விட்டுத்தான் போட்டுக்கொள்கிறார். போன வாரம் அவர் பேத்திக்குக் காது குத்தினார்கள். அந்தக் குழந்தையின் மாமன் வழக்கப்படி தலையைத்தான் பிடித்துக்கொண்டான். இரண்டு துளையும் ஒரே மட்டத்தில் விழுந்தன. மாமா தூரத்தில் நின்று என் இடது காதைப் பார்த்துச் சிரித்தார். நான் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான் ஆடாமல் இருக்கத்தான் அன்று என் கைகளை அப்படிப் பிடித்தார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழு வயதுப் பிள்ளையின் கைகள், அவை எங்கே போய்விடப் போகின்றன? போக இடம் இருந்தது அவர் கைகளுக்குத்தான்.